மக்கள் கட்டிய வீடும் வராத குழாயும்

1

நகரத்தின் 'முறைசாராக்' குடியிருப்புகளைப் பற்றி நம்மிடையே இரண்டு சொல்லாடல்கள் புழங்குகின்றன. ஒன்று அரசுடையது: ஆக்கிரமிப்பு, புறம்போக்கு, நீர்நிலை, அகற்றம். மற்றது நம்முடையது. நாம் என்று இங்கே நான் குறிப்பிடுவது எழுதுகிறவர்களையும் இயக்கங்களில் இருப்பவர்களையும். உழைக்கும் மக்களின் படைப்பாற்றல், அவர்கள் தாமே எழுப்பிக்கொண்ட வீடு, அதிகாரத்தின் வரைபடத்துக்கு வெளியே உருவான மாற்று நகரம் என்று நாம் பேசுகிறோம். இரண்டும் எதிரெதிரானவை என்றே இத்தனை காலம் நானும் நம்பிவந்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. இரண்டுமே வீட்டைத்தான் பார்க்கின்றன. ஒன்று இடிப்பதற்காகப் பார்க்கிறது, இன்னொன்று வியப்பதற்காகப் பார்க்கிறது. மண்ணுக்கு அடியில் போகிற, அல்லது போகாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்ட குழாயை இரண்டுமே பார்ப்பதில்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு கூட்டத்தில். சில வருஷங்களுக்கு முன்னால் வடசென்னையில் ஒரு குடியிருப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'மக்கள் கட்டிய நகரம்' என்று நான் கொஞ்சம் ஆவேசமாகவே பேசினேன். முடிந்ததும் வயதான ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "நீ சொல்றதெல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. வூடு நாங்க கட்டிக்கினோம். மொதல்ல ஓலை, அப்பால ஷீட்டு, இப்போ செங்கல்லு. தண்ணிய எப்பிடிப்பா கட்டிக்கிறது?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வீட்டை மக்களே கட்டிக்கொள்வதைப் போற்றிய சிந்தனைகளையும், அவற்றை எதிர்த்த சிந்தனைகளையும், கராச்சியில் ஓராங்கி என்ற குடியிருப்பில் நடந்ததையும், பிறகு நம் ஊரையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதுதான் இங்கே நான் செய்ய முயல்வது.

2

ஜான் டர்னர் என்கிற பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர் 1957 முதல் 1965 வரை பெரு நாட்டில் வேலை பார்த்தவர். லிமா, அரெக்கிபா நகரங்களைச் சுற்றியிருந்த வறண்ட மண்ணில் ஏழைகள் ஒரே இரவில் இடம்பிடித்து, பாய்த்தட்டிகளை நட்டு, பிறகு வருஷக்கணக்கில் செங்கல் செங்கல்லாக வீட்டை வளர்த்ததைக் கூடவே இருந்து கவனித்தவர். 1972-இல் ராபர்ட் ஃபிக்டருடன் சேர்ந்து அவர் தொகுத்த 'ஃப்ரீடம் டு பில்ட்', 1976-இல் வந்த 'ஹவுசிங் பை பீப்பிள்' ஆகிய இரண்டு நூல்களும் நகர்ப்புறக் குடியிருப்பு பற்றிய சிந்தனையைப் புரட்டிப்போட்டன எனலாம். அவருடைய வாதம் எளிமையானது. வீடு பெயர்ச்சொல் அல்ல, வினைச்சொல். அது எப்படி இருக்கிறது என்பதைவிட, இருப்பவரின் வாழ்வில் என்ன செய்கிறது என்பதே முக்கியம். அரசு கட்டித்தரும் அடுக்குமாடியைவிட, தன் சம்பாத்தியத்துக்கும் குடும்பத்தின் வளர்ச்சிக்கும் ஏற்ப ஒருவர் தாமே கட்டுகிற அரைகுறைக் குடிசை அவருக்கு அதிகச் சுதந்திரம் தரக்கூடும்.

இந்தக் கருத்தின் அராஜகவாதச் சாயல் நமக்கு உவப்பானது. ஆனால் அதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மெக்னமாரா தலைமையிலிருந்த உலக வங்கி 1972-இல் செனகலில் தொடங்கி, 'மனையும் வசதிகளும்' என்கிற திட்டத்தை ஏழை நாடுகளில் பரப்பியது. மனையைப் பிரித்துக் கொடு, குழாயும் கக்கூசும் வை, வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள், போட்ட பணத்தைத் தவணையில் திருப்பி வாங்கு. 1977-இல் இது சென்னைக்கும் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைகள் அப்படி உருவானவைதான்.

எதிர்ப்பு இடதுசாரிகளிடமிருந்து வந்தது. பிரேசிலில் பிரான்சிஸ்கோ தெ ஒலிவெய்ரா 1972-லேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: தொழிலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும்போது, அவருக்கு வாடகைக்கான கூலியை முதலாளி தர வேண்டியதில்லை. உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்திச் செலவு குறைகிறது, கூலியும் குறைகிறது. 1970-களின் பிற்பகுதியில் ராட் பர்ஜஸ் இதே திசையில் டர்னரை நேரடியாகவே விமர்சித்தார். இவர்களுக்கெல்லாம் முன்பாக 1872-இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில், தொழிலாளிக்குச் சொந்த வீடு என்கிற புரூதோனிய வாதத்தை மறுத்திருந்தார்.

இந்த விவாதம் இன்றும் முடியவில்லை. முடியவும் வேண்டாம். எனக்குப் படுவது வேறொன்று. இரு தரப்புமே 'சுய உதவி' என்பதை ஒரே துண்டாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. அந்த அம்மா அதை இரண்டாகப் பிரித்தார். வீடு வேறு, தண்ணீர் வேறு.

சுவரை இந்த வருஷம் பாதி, சீட்டுப் பணம் வந்ததும் மீதி என்று கட்டலாம். கூரையை மாற்றலாம். மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை எடுக்கலாம். வீட்டைக் காலத்தில் கூறுபோட முடியும். தண்ணீர்க் குழாயை அப்படிக் கூறுபோட முடியாது. முப்பதடி குழாய் வாங்கிப் புதைத்தால் முப்பதடித் தண்ணீர் வராது. அது எங்கோ ஓர் ஏரியில் தொடங்கி, சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி, பிரதானக் குழாயில் அழுத்தத்தோடு வந்து, அதன் விட்டத்துக்கும் வால்வு திறக்கப்படும் நேரத்துக்கும் கட்டுப்பட்டு, கடைசியில்தான் நம் சந்துக்குள் நுழைகிறது. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றதெல்லாம் வெறும் இரும்பு. வீடு டர்னர் சொன்னதுபோல் வினைச்சொல்தான். அந்த வினையை ஒரு குடும்பமே செய்துவிடலாம். குழாயை அப்படிச் செய்ய முடியாது. அது ஓர் உறவு. நகரத்துக்கும் சந்துக்கும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும், அதிகாரத்துக்கும் குடத்துக்கும் இடையிலான உறவு.

டர்னர் வியந்த அதே பெருவில் 1991 ஜனவரியில் காலரா வெடித்தது. அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. ஏறத்தாழ 2,900 பேர் இறந்தார்கள். லிமாவைச் சுற்றி மக்கள் கட்டிய குடியிருப்புகளில் பல, லாரித் தண்ணீரைப் பீப்பாயில் வாங்கி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தவை. பாய்த்தட்டி செங்கல்லாகி விட்டிருந்தது, குழாய் வந்திருக்கவில்லை. இது டர்னரின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பொதுக் கட்டமைப்பு வேண்டும் என்று அவரும் எழுதியவர்தான். ஆனால் அவருடைய புத்தகங்களிலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்டது 'கட்டிக்கொள்ள விடு' என்பதை மட்டுமே.

3

'குழாயையும் மக்களே போட்டுக் காட்டினார்களே, ஓராங்கியைப் பாருங்கள்' என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நியாயமான மறுப்பு. ஓராங்கியைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஓராங்கி கராச்சியின் வடமேற்கில் உள்ளது. 1960-களில் தொடங்கி, 1971 போருக்குப் பிறகு கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த உருது பேசும் அகதிகளாலும் பிறராலும் பெருகியது. வீடுகள் எழுந்த கதை சுவையானது. சிமெண்டுக் கல் அறுத்து விற்கிற சிறு பட்டறைகள் அங்கே உண்டு; 'தல்லா' என்பார்கள். தல்லாக்காரர் கல்லைக் கடனுக்குக் கொடுப்பார், கட்ட யோசனையும் சொல்வார், சில சமயம் கொத்தனாரையும் அனுப்புவார். வங்கி, பொறியாளர், கடை மூன்றும் அவரே. அரசு ஒரு செங்கல்லும் கொடுக்காமல் லட்சக்கணக்கானவர்கள் குடியேறிய நகரம் இப்படித்தான் எழுந்தது. சாக்கடை மட்டும் சந்தில் திறந்து ஓடியது.

1980-இல் அக்தர் ஹமீத் கான் அங்கே வந்தார். ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், கிழக்கு வங்காளத்தில் கொமில்லா கிராம வளர்ச்சி இயக்கத்தை நடத்திய அனுபவம் உள்ளவர். பி.சி.சி.ஐ. வங்கியின் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் அவர் சாக்கடை கட்டவில்லை. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் மட்டும் அதைச் செலவழித்தார். மக்களிடம் பேசித் திரிந்து, தடைகள் நான்கு என்று கண்டார். அரசு ஒருநாள் இலவசமாகச் செய்துதரும் என்கிற நம்பிக்கை மனத்தடை. ஒப்பந்தக்காரர் விலை பணத்தடை. மட்டம் பார்க்கத் தெரியாதது தொழில்நுட்பத் தடை. சேர்ந்து செய்யும் அமைப்பு இல்லாதது சமூகத் தடை.

தீர்வுக்கான அலகாக அவர் எடுத்துக்கொண்டது சந்து. 20, 30 வீடுகள். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஒருவரையொருவர் ஏமாற்ற முடியாதவர்கள். சந்தே தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும், பணம் வசூலிக்கும், பள்ளம் தோண்டும். திட்டத்தின் ஆட்கள் வந்து மட்டம் பார்த்து, வாட்டம் கணக்கிட்டு, வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள். மேன்ஹோல் வார்க்க இரும்பு அச்சு இரவல் தருவார்கள். வரைபடம் போட்டவர்கள் அந்தத் தெருக்களின் பையன்களே என்பது கவனிக்கத்தக்கது. ஒப்பந்தக்காரர் லாபமும் லஞ்சமும் கழிந்ததில், 1980-களில் ஒரு வீட்டுக்குக் கக்கூசும் சந்துச் சாக்கடையும் சேர்த்து ஏறக்குறைய 1,000 ரூபாயில் முடிந்தது. அரசு மதிப்பீட்டில் இது சிறு பகுதி. காலப்போக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகள் இப்படி இணைந்தன. கட்டிடக் கலைஞர் ஆரிஃப் ஹசனும், பிறகு பர்வீன் ரஹ்மானும் இதன் தொழில்நுட்பத்தையும் வாதத்தையும் வளர்த்தார்கள்.

இங்கே வாசிப்பில் ஒரு மோசடி நிகழ்கிறது. ஓராங்கியின் கோட்பாடு சாக்கடையை 'உள்', 'வெளி' என்று பிரித்தது. வீட்டுக் கக்கூசு, சந்துச் சாக்கடை, சந்துகளைச் சேர்க்கும் துணைச் சாக்கடை ஆகியவை உள், மக்கள் பொறுப்பு. பெரிய வடிகால்களும் சுத்திகரிப்பும் வெளி, அரசின் பொறுப்பு. இது அரசை விடுவிக்கிற பிரிவினை அல்ல, அரசுக்கு நாள் குறிக்கிற பிரிவினை. 'எங்கள் பங்கை முடித்துவிட்டோம், உன் பங்கு எங்கே?' என்று கேட்கிற ஏற்பாடு. ஆனால் சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகளில் ஓராங்கி பெரும்பாலும் 'ஏழைகளே செலவை ஏற்கிறார்கள்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியது. பாதி வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுவதும் ஓர் அரசியல்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏன் சாக்கடை? ஏன் குடிநீர் அல்ல? என் வாசிப்பில் பதில் அந்த 'வாட்டம்' என்ற கொத்தனார் சொல்லிலேயே இருக்கிறது. சாக்கடை வீட்டிலிருந்து வெளியே போகிறது. பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். புவியீர்ப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், யாரிடமும் அனுமதி கேட்காது. ஓராங்கியின் இயற்கை ஓடைகள் கீழே காத்திருந்தன. குடிநீர் திசை மாறியது. அது வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. கராச்சிக்குத் தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சிந்து நதியின் கீஞ்சர் ஏரியிலிருந்தும், மேற்கே ஹப் அணையிலிருந்தும் வர வேண்டும். வருகிற வழியெங்கும் வால்வுகள். ஒவ்வொரு வால்வின் மேலும் ஒரு கை. போவதற்கு வாட்டம் போதும், வருவதற்கு அதிகாரத்தோடு மோத வேண்டும்.

பர்வீன் ரஹ்மான் அப்படித்தான் மோதினார். சந்துகளை வரைபடமாக்கிய அதே முறையில், பிரதானக் குழாய்களை உடைத்து லாரிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் சட்டவிரோத நிலையங்களையும், நகரைச் சுற்றிய நிலப் பறிப்பையும் பதிவு செய்தார். சந்துக்கு வராத தண்ணீர் எங்கே போகிறது, எந்த விலைக்குத் திரும்பி வருகிறது என்பதை வரைபடம் காட்டியது. 2013 மார்ச் 13 அன்று வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்னால் முப்பது ஆண்டுகள் சாக்கடை வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

கதை அதோடு முடியவில்லை. 2020 ஆகஸ்டில் கராச்சி வெள்ளத்தில் மூழ்கியது. ஓடைகளை 'மீட்க' வேண்டும் என்று, குஜ்ஜர் ஓடை, ஓராங்கி ஓடைக் கரைகளில் 2021-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. 'வெளி' வேலையைப் பல பத்தாண்டுகள் அரைகுறையாக வைத்திருந்த அதே அரசு, ஓடை நிரம்பியதும், கரையில் இருந்தவர்களே காரணம் என்றது.

4

குழாயில் தண்ணீரோடு இன்னொன்றும் வருகிறது: பெயர். மும்பையைப் பற்றி நிகில் ஆனந்த் 2017-இல் வெளியிட்ட 'ஹைட்ராலிக் சிட்டி' இதைத்தான் ஆராய்கிறது. அங்கே குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் குடியேறியதற்கு ஆதாரம் வைத்திருந்தவருக்குத்தான் அப்போது இணைப்பு கிடைத்தது. நீண்ட காலம் அந்தத் தேதி 1995 ஜனவரி 1. தேதிக்குப் பிறகு வந்தவருக்கும் தாகம் எடுக்கும் என்பது விதிமுறைக்குத் தெரிந்திருக்கவில்லை. 2014 டிசம்பரில், பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், வீடு சட்டவிரோதமானது என்பதற்காகத் தண்ணீரை மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் இதைச் சொல்லவைக்க வேண்டியிருந்தது.

குடியிருப்புகளில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீர் வராத மாதத்திலும் தண்ணீர் வரி ரசீதை மக்கள் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். 'நாங்க இங்கதான் இருந்தோம்' என்பதற்கு அது சாட்சி. அதிகாரிகளுக்கும் இது தெரியும். குழாயைப் போட்டால் ஆட்களை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே குழாய் போடாமல் இருப்பது வெறும் அலட்சியமோ பணப் பற்றாக்குறையோ மட்டும் அல்ல. புல்டோசர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்ட, சத்தமில்லாத வெளியேற்றம் அது. புல்டோசரை எதிர்த்து எழுதத் தெரிந்த நமக்கு இதை எதிர்த்து எழுதத் தெரியவில்லை.

5

இப்போது நம் ஊர். குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது. 1971-இல் வந்த சட்டத்தின் பெயரில் மேம்பாடு முதலிலும் அகற்றல் பிறகும் இடம்பெற்றன. ஆரம்பத்தில் வாரியம் நகரத்துக்குள்ளேயே, பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் கட்டியது. 1977-க்குப் பிறகு உலக வங்கிப் பணத்தோடு மனைத் திட்டங்களும், இருக்கும் குடியிருப்புகளுக்குத் தெருவிளக்கும் குழாயும் வடிகாலும் தருகிற மேம்பாட்டுத் திட்டங்களும் வந்தன. உலக வங்கியின் மீது எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் அதன் ஆய்வாளர்கள் சென்னை, மும்பை மனைத் திட்டங்களுக்குத் திரும்பிச் சென்று பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வை நாம் கவனித்தாக வேண்டும். தோல்வி என்று முன்பு கைவிடப்பட்ட அந்த இடங்கள், வெவ்வேறு வருமானத்தினர் சேர்ந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருந்தன என்பது அதன் முடிவு. குழாயும் தெருவும் முதலில் வந்து, வீடு தன் போக்கில் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. சாட்சி கிடைப்பதற்குள் கொள்கை மாறிவிட்டது.

2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட வருஷம் நடுவில் இருந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோன இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. கராச்சி ஓடைக் கரையும் கூவக் கரையும் ஒரே வாக்கியத்தால் காலி செய்யப்பட்டன: நீர்நிலையைக் காப்பாற்றுகிறோம். நீர்நிலையின் பெயரால் விரட்டப்பட்டவர்கள், அதற்கு முன் அத்தனை வருஷமும் தண்ணீர் கிடைக்காமல் இருந்தவர்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. வாரியத்துக்கு 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. பெயரில் குடிசை மாற்றப்பட்டுவிட்டது.

பெரும்பாக்கம் ஓராங்கியின் தலைகீழ். அங்கே குழாய் இருக்கிறது, 'கட்டிக்கொள்ளுதல்' இல்லை. எட்டாவது மாடியில் மகனுக்கு ஓர் அறை எடுக்க முடியாது, வாசலில் இட்லிக் கடை போட முடியாது. மோட்டார் ஓடாத நாளில் குடத்தை மாடிப்படியில் தூக்க வேண்டும். இங்கே டர்னர் சொன்னது அப்படியே உண்மையாகிறது. ஆக, பிரச்சினையை 'மக்களா அரசா' என்று வைத்தால் நாம் இரண்டு பக்கமும் தோற்போம். வீட்டை அரசிடம் விட்டால் பெரும்பாக்கம். குழாயை மக்களிடம் விட்டால் லாரியும் குடமும்.

அந்த லாரியையும் குடத்தையும் பற்றிக் கொஞ்சம். நகரத்துக்குள் மிஞ்சியிருக்கும் பல குடியிருப்புகளில் இன்றும் தெருமுனை சின்டெக்ஸ் டேங்கில் லாரி வந்து ஊற்றுவதுதான் விநியோகம். குழாய் வந்த சந்துகளில் அழுத்தம் இல்லாததால் வீட்டு வாசலில் அடி பம்ப்பு வைத்து அடிக்கிறார்கள். அதுவும் போதாமல் தரையைத் தோண்டிப் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கிறார்கள். யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு வெறும் காற்று. தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையை அது இழுத்துக்கொள்ளும். மறுநாள் குழாயில் முதலில் வருவது நாற்றம்தான். நாலு ஏரிகளும் வற்றிய 2019 கோடையில் இந்த நகரத்தின் நடுத்தர வர்க்கமும் குடத்தோடு நின்றது. செய்தியானது அப்போதுதான். இந்தக் காத்திருப்பில் கரைவது பெரும்பாலும் பெண்களின் நேரம். வீடு கட்டிய ஞாயிற்றுக்கிழமை உழைப்பை ஒலிவெய்ரா கணக்கில் எடுத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு வாலியோடு உட்கார்ந்திருக்கும் உழைப்பைக் கணக்கில் எடுக்க மார்க்சியப் பெண்ணியர்கள் வர வேண்டியிருந்தது. அவர்களையும் நாம் முழுசாகப் படிக்கவில்லை.

6

சரி, என்ன கேட்பது? நம் மனுக்களில் முதல் வரி எப்போதும் பட்டா. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டாவுக்குக் காத்திருக்கும் முப்பது வருஷத்தில் குழாயைக் கேட்காமல் இருந்துவிடுகிறோம். 'இருக்கிற இடத்துக்குக் குழாய், இருக்கிற வீட்டோடு குழாய்' என்பதை முதல் கோரிக்கையாக்கலாம். தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய பான் மன்கொங் திட்டம் இந்தப் பிரிவினையைத் தெளிவாகவே செய்தது. சேமிப்புக் குழுக்களாகத் திரண்ட சமூகத்துக்கு வீடு கட்டக் கூட்டுக் கடன்; குழாய், வடிகால், பாதைக்கு அரசின் மானியம். நிலவுரிமையும் தனித்தனியாக இல்லாமல் கூட்டாக. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலை என்ன என்ற கேள்வி அங்கேயும் உண்டு. ஆனால் எதை யார் செய்ய வேண்டும் என்ற கணக்கு அங்கே காகிதத்தில் இருக்கிறது.

குழாய் வந்தாலே விடிந்துவிடும் என்று நம்புவதும் மடத்தனம். மூன்று விஷயங்களில் நாம் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, மட்டம். குழாய் புதைத்து மேலே கான்கிரீட் போடும்போது தெரு அரையடி உயர்கிறது. அடுத்த திட்டத்தில் இன்னும் அரையடி. மக்கள் தம் கையால் கட்டிய வீட்டின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. முதல் மழையில் சாக்கடை உள்ளே வருகிறது. வீட்டைப் பார்க்காமல் குழாய் போட்டதன் விளைவு இது. வடிகால் இல்லாமல் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் இதே கதைதான். உள்ளே வந்த ஒவ்வொரு குடமும் வெளியே போக வழி கேட்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டின் தரைமட்டத்தையும் குறித்த வரைபடம் அந்தச் சந்துக்காரர்கள் கையில் முதலில் இருக்க வேண்டும். ஓராங்கியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வசூல் முறையை அல்ல, அந்த வரைபடத்தை.

இரண்டாவது, வாடகை. தண்ணீர் வந்ததும் வாடகை ஏறும். கட்டிக்கொண்டவர் தப்பிப்பார், வாடகைக்கு இருப்பவர் அடுத்த தண்ணியில்லாத இடம் தேடிப் போவார். 'குடியிருப்போர்' என்று நாம் ஒற்றையாகச் சொல்கிற சொல்லுக்குள் இந்த இருவரும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இரண்டாமவர் பெயர் விடுபட்டால் நம் வெற்றியே அவரை வெளியேற்றும்.

மூன்றாவது, சாதி. 'பராமரிப்பை மக்களே பார்த்துக்கொள்வார்கள்' என்ற வாக்கியம் நம் மண்ணில் எழுதப்படும்போது, அடைத்துக்கொண்ட மேன்ஹோலுக்குள் யார் இறங்குவது என்ற கேள்வியை அது விழுங்கிவிடுகிறது. கராச்சியிலும் சாக்கடைக்குள் இறங்குகிறவர்களில் பெரும்பகுதி கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களும்தான். இங்கே யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் அந்தக் குழிகளில் சாகிறார்கள். சந்து என்பது 30 வீடுகளின் ஒற்றுமை மட்டுமல்ல. அந்த 30 வீடுகளுக்குள்ளும் யார் கையில் கடப்பாரை, யார் கையில் வாளி என்ற பிரிவினை உண்டு. சமூகம் என்ற சொல்லின் இதத்தில் அதை மறந்துவிடக் கூடாது. இயந்திரம் இறங்கும்படி குழாயின் விட்டத்தையும் மேன்ஹோலின் அகலத்தையும் நிர்ணயிப்பது சாதி ஒழிப்பின் ஒரு பகுதி என்று நான் சொன்னால் சில தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

நம் இலக்கியத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குழாயடிச் சண்டையை நாம் எத்தனை முறை நகைச்சுவையாக எழுதியிருக்கிறோம்! வாய் நீளமான பெண்கள், உருளும் குடங்கள். அந்தச் சண்டை ஒரு வால்வின் விளைவு என்பதும், அந்த வால்வைத் திருப்பும் கை சட்டகத்துக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது என்பதும் அப்படி எழுதும்போது நமக்குத் தோன்றவில்லை. ஏழைகளின் ஒற்றுமையின்மைக்கு உருவகமாகவே அதைப் பயன்படுத்திக்கொண்டோம்.

மறுபடியும் அந்த அம்மாவிடம் வருகிறேன். தண்ணியை எப்படிக் கட்டிக்கொள்வது என்று அவர் கேட்டபோது, 'முடியாதும்மா, அதை அவங்கதான் போடணும், போட வைக்கணும்' என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. அரசிடம் கேட்பது பலவீனம், மக்களே செய்வது புரட்சிகரம் என்று எங்கோ படித்துவைத்திருந்தேன். அவர் எதையும் படித்துவைக்கவில்லை. வீட்டைக் கட்டிய கை எது, குழாயைப் போட வேண்டிய கை எது என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்துக்கு எங்களைப் பேசக் கூப்பிட்டதற்குப் பதிலாக, மட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். அடுத்த முறை அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கூட வருகிறவர்கள் எழுதுங்கள்.